பழுகாமத்தில் இறங்கிய காற்று

மீன் பாடுமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். மட்டக்களப்புப் போய் வந்தவளிடம் கேட்க வேறு கேள்வியே கிடையாது போலிருக்கிறது. வாவியில் மீன் பாடுமோ பாடாதோ, எனக்குத் தெரியாது. அங்கே இருந்த நாளெல்லாம் என் காதில் விழுந்தது ஒரே சத்தம்தான், சைக்கிளின் பின்சக்கரத்திலிருந்து காற்று இறங்குகிற சத்தம்.

என் தங்கை கயல்விழியைத் தலைப்பிரசவத்துக்குப் புதுக்கோட்டைக்கு அழைத்துவரத்தான் நான் போனேன். அம்மா போனபோது கயல் மூன்றாம் வகுப்பு. தலை பின்னிவிட்டது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, சைக்கிள் கற்றுக்கொடுத்தது எல்லாம் நான்தான். வளர்ந்து, துபாயில் ஒரு பெரிய கடைக்குக் கணக்குப் பார்க்கப் போனாள். கூட வேலை செய்த பழுகாமத்துச் சுதாகரனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு வேலையை விட்டுத் திரும்பியவள் எங்கள் ஊருக்கு வரவில்லை. நேரே இலங்கைக்குப் போய்ப் புருஷனுடைய அக்கா வீட்டில் இறங்கிவிட்டாள். புருஷன் பிரசவ நேரத்துக்கு லீவு போட்டு வருவாராம்.

வீடியோவில் பேசுவோம். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலையைத் திருப்பி, "அக்கா, புட்டு அவிஞ்சிட்டு, இறக்கட்டா?" என்று யாரையோ கேட்டாள். நான் ஒரு அக்கா இங்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் அங்கே இன்னொருத்தியை அக்கா என்கிறாள். அதுவும் அந்த ஊர்ப் பேச்சில். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் சில வாரம் போனால் வயிற்றுப் பிள்ளைக்காரியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். நான் வேலை பார்க்கிற சத்துணவுக் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த கையோடு, கோடை விடுமுறையின் முதல் வாரமே கிளம்பிவிட்டேன்.

பழுகாமம் வாவிக்கு மேற்கே இருக்கிறது. பொழுது படுகிற பக்கம் என்பதால் அதைப் படுவான்கரை என்கிறார்கள். கடல் பக்கம் எழுவான்கரை. ஊருக்குள் நுழைகிற வரைக்கும் இரண்டு பக்கமும் வட்டை. வட்டை என்றால் அங்கே வயல்வெளி. அந்த வெயிலிலும் பச்சையாக நின்றது. எங்கள் ஊர்ப் பக்கம் மே மாதத்தில் கண்மாயில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கேயே பொறாமை ஆரம்பித்துவிட்டது.

வாசலில் நின்றவள்தான் அந்த இன்னொரு அக்கா. பெயர் மலர். என் வயதுதான் இருக்கும், என்னைவிட நல்ல உடம்பு. "வாங்க மச்சாள். பயணம் எல்லாம் சுகமா?" என்று கட்டிப்பிடித்தாள். அண்ணி, நாத்தனார் முறையெல்லாம் அங்கே மச்சாள்தான். அவளுடைய புருஷன் வேளாண்மைக் காவலுக்கு வட்டையிலேயே குடிசை போட்டுக் கிடக்கிறாராம், நான் இருந்தவரை அவரைக் கண்ணால் பார்க்கவில்லை. சாப்பாடு போட்டாள். சிவப்பரிசிச் சோறு, வாவி இறால், முருங்கையிலை போட்ட பால்சொதி, கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர். குறை சொல்ல ஓர் இடம் வைக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது.

சாப்பிட்டதும் கயல் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் வீட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய அறையைக் காட்டினாள். பூச்சு வேலை இன்னும் முடியவில்லை. ஜன்னலுக்கு மட்டும் பச்சை வர்ணம் அடித்திருந்தது. "இது என் வீடுக்கா" என்றாள்.

"அவக்கெண்டுதான் கட்டின" என்றாள் பின்னால் வந்த மலர். "எனக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ளைகள். கலியாணம் முடிச்சாப் பொஞ்சாதிட ஊட்டுக்குப் போயிருவானுகள். இஞ்ச ஊடு வளவு எல்லாம் பொம்புளைக்குத்தான். தாய் இல்லாட்டி ஒரு புள்ளைக்கு ஊடும் இல்லாமப் போகுமா?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். தாய் இல்லாத தம்பி பெண்டாட்டிக்குத் தன் வளவிலேயே, வீட்டைச் சுற்றிய மனையிலேயே, ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள் இந்த மகராசி. எனக்குக் கேட்டதெல்லாம் "தாய் இல்லாட்டி" என்ற சொல் மட்டும்தான். அப்படியானால் இத்தனை வருஷம் நான் யார்?

"அக்கா, நீ என் கட்டில்லயே படுத்துக்க" என்றாள் கயல். "எவ்வளவு நாளாச்சு."

"எனக்கு இடம் மாறினா தூக்கம் வராது" என்றேன். "பெரியகல்லாத்துல ரூம் சொல்லியிருக்கேன்."

"பெரியகல்லாறு மட்டும் நீ பொறந்த ஊரா?"

பொய்தான். மலர் கட்டிய கூரைக்குக் கீழே நான் படுக்கமாட்டேன் என்று அந்த நிமிஷம் முடிவு செய்திருந்தேன். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு வாவிக்கு அக்கரையில், கடல் பக்கத்துப் பெரியகல்லாறு. தனியாக இருக்கிறேன், அந்தப் பக்கம் வந்தால் வாருங்கள் என்று போன் நம்பர் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன். டீச்சர் அறையும் கொடுத்தார், தன்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளையும் கொடுத்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும், சைக்கிளைக் கொண்டுபோய்ப் பாதையில் ஏற்றிவிடுங்கள் என்றார். பாதை என்பது வாவியைக் கடக்கிற மிதவை. மோட்டார் பொருத்திய பலகைத் தளம், மனிதர்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பெண்கள் ஒரு காலத்தில் கும்பல் கும்பலாகச் சைக்கிள் கற்றுக்கொண்டது ஊரறிந்த விஷயம். இன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் ஸ்கூட்டிக்கு மாறிவிட்டார்கள், நான் மட்டும்தான் இன்னும் மிதிக்கிறேன். அந்தத் திமிரோடு மறுநாள் காலையில் கிளம்பினேன். வாவிக் காற்று எதிரில் வந்து அடித்தது. வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டிரண்டு பேராகக் கதை பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. சைக்கிள் ஓட்டுகிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எங்கள் ஊரில் நான் போனால் டீக்கடையில் தலை திரும்பும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

பாதித் தூரம் கூடப் போயிருக்கமாட்டேன், பின்சக்கரம் தடக் தடக் என்று தரையில் அடித்தது. இறங்கிப் பார்த்தால் உடைமுள். ஒரு விரல் நீளம். அந்த முதல் பஞ்சர் யார் தயவுமில்லாமல் நடந்தது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தள்ளிக்கொண்டே நடந்தேன். என்னைக் கடந்துபோன ஒவ்வொரு சைக்கிளின் டயரையும் பார்த்தேன். மீன் கூடை கட்டியவன் டயர், மூன்று பிள்ளைகளை ஏற்றிய தகப்பன் டயர், துருப்பிடித்த ரிம்மோடு ஒரு கிழவர் டயர். எல்லாம் கல்லு மாதிரி நின்றன. ஊரில் இருக்கிற முள்ளுக்கெல்லாம் என் முகவரி மட்டும்தான் தெரியும் போல.

மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தினார். காத்தான்குடி வியாபாரி, தலையில் தொப்பி. "என்ன அக்கா, காத்துப் போயிட்டா?" என்றார்.

"முள்ளு குத்திருச்சுங்க. பஞ்சர் கடை எங்க இருக்கு?"

அவர் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "இந்தியாவா? டிவி நாடகத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க. எங்கட ஊட்டில இப்ப கேட்டாச் சிரிப்பாங்க." பிறகு சைக்கிளை என்னிடமிருந்து வாங்கி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உருட்டி, சந்தியில் இருந்த கடைவரை மெதுவாக வந்தார். நான் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் அவருடைய மகளுக்குக் கட்டுகிற வீட்டைப் பற்றியே பேச்சு. இரண்டாவது மகளுக்கும் இனிமேல்தான் அத்திவாரம் போடவேண்டுமாம். இந்த ஊரில் சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் பெண் பிள்ளைக்கு வீடு கட்டுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பழுகாமம் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கே கயலிடம் ஊருக்கு வருவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் சிரித்து மழுப்பினாள். பிறகு பேசலாம் என்றாள். சாயங்காலம் கிளம்ப வெளியே வந்து பார்த்தால், சக்கரம் மறுபடியும் தரையோடு தரையாக.

"இரிங்க மச்சாள், நான் பாக்கன்" என்று மலர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். டயரை நெம்பி, டியூபை உருவி, ஒரு பேசின் தண்ணீரில் முக்கிப் பிடித்தாள். குமிழி வந்த இடத்தை உரசி, சொலூசன் தடவி, ஊதி, ஒட்டைப் போட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டு. பம்பை எடுத்து அடித்துக் கொடுத்தாள். எங்கள் ஊர்ச் சந்திக் கடைக்காரர் இந்த நேரத்தில் டயரையே கழற்றியிருக்கமாட்டார்.

"மச்சாள், உங்களுக்கு இதெல்லாம் ஆரு பழக்கின?" என்று கேட்டாள் கயல், கண்ணை அகல விரித்துக்கொண்டு.

"ஆரு பழக்கிற? முள்ளுதான் பழக்கின" என்றாள் மலர்.

கயல் சிரித்தாள். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், பஞ்சர் ஒட்டத் தெரியாது. இத்தனை வருஷம் அது ஒரு குறையாகவே பட்டதில்லை. அன்றைக்குப் பட்டது. பாதை போய்விடும் பாருங்கள் என்று மலர் அவசரப்படுத்தினாள், நான் ஏறி மிதித்தேன்.

அடுத்த நாளும் அதே கதை. காலையில் நன்றாகப் போய்ச் சேர்வேன், சாயங்காலம் பார்த்தால் காற்று இருக்காது. மலர் பேசினை எடுப்பாள். பாதைக்கு நேரமாகிவிட்டது என்று பறப்பாள். டியூபில் ஒட்டுக்குப் பக்கத்தில் ஒட்டு. பாதைக்காரருக்கே என் முகம் பழகிவிட்டது. "இந்தியா அக்கா, இண்டைக்கு எத்தின ஒட்டு?" என்று கேட்க, பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் ஒருத்தி, "புது டியூப் ஒண்டு போடுங்கவன், இது டியூப் இல்ல, சல்லடை" என்றாள். புது டியூபும் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அதுவும் இறங்கியது.

அதற்கு நடுவில் கயலிடம் பேசுகிற பேச்சு ஓர் அங்குலம் நகரவில்லை. காலையில் ஆரம்பித்தால், "வெயிலா இருக்குக்கா, அப்புறம்" என்பாள். மத்தியானம் ஆரம்பித்தால் தூக்கம் வரும். மலர் அவளுக்குக் கால் பிடித்துவிடுவாள், வெந்தயக் கஞ்சி காய்ச்சித் தருவாள், வட்டையிலிருந்து வந்த பழத்தை உரித்து வாயில் வைப்பாள். நான் செய்ய நினைத்த ஒவ்வொன்றும் ஏற்கனவே செய்தாகியிருக்கும். புதுக்கோட்டையில் அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த மெத்தையைப் பற்றிச் சொன்னேன். "நல்ல மெத்தையாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் மலர் டியூபை முக்கிப் பிடித்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டை, டயர் தரையில் படுகிற இடத்தில் இல்லை. பக்கவாட்டில் இருந்தது, ரிம்முக்கு மேலே. பழைய ஒட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் பக்கவாட்டில். முப்பது வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறவளுக்கு இது இத்தனை நாள் உறைக்காமல் போனதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

"முள்ளு கீழேருந்துதானே குத்தும்?" என்றேன். "பக்கத்துலேருந்து எப்படிக் குத்தும்?"

மலரின் கை ஒரு கணம் நின்றது. "உங்கட ஊருல முள்ளு எப்பிடிக் குத்துமோ தெரியா. இஞ்ச எந்தப் பக்கத்தாலயும் குத்தும்" என்றாள், தலையைத் தூக்காமல்.

"எல்லா முள்ளும் உங்க வளவுலதான் இருக்கு."

வாசலில் நின்ற கயல் உள்ளே போய்விட்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலரே குத்துகிறாள், அவளே ஒட்டுகிறாள். என் தங்கை முன்னால் நான் ஒன்றுக்கும் உதவாதவளாகத் தினமும் நிற்கவேண்டும், அவள் பம்பும் கையுமாகக் கெட்டிக்காரியாக நிற்கவேண்டும். சரியான ஆள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அன்று இரவு டீச்சர் கொடுத்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு இதை நிரூபிக்கிறேன் என்று படுத்தேன்.

மறுநாள் பாதையில் இறங்கியதும், கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அம்மாவிடம் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு நடந்தேன். மே மாத வெயில், நிழலில்லாத ரோடு. வழியில் ஒரு டிராக்டர்காரர் இரக்கப்பட்டுப் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டார். அங்கே டிராக்டரை மெசின் என்கிறார்கள். உர மூட்டைக்கும் ஓர் எருமைக் கன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். கன்று வழிநெடுக என் தோளை நக்கிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் என்னிடம் ஒட்டிக்கொண்ட ஜீவன் அது ஒன்றுதான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

உரமும் எருமையும் மணக்கப் போய் நின்ற என்னைப் பார்த்ததும் கயல் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிள் எங்கக்கா?" என்பதுதான். கரையில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா நடந்து வந்தாளே என்ற கவலை என்று நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். சாயங்காலம் கரைக்குப் போய்ப் பார்த்தால் சக்கரம் கும்மென்று நின்றது. தேத்தண்ணிக் கடை அம்மாவைக் கட்டிப்பிடிக்காத குறை. குற்றம் பழுகாமத்து வளவுக்குள்தான் நடக்கிறது என்று உறுதியாகிவிட்டது.

அதற்கு மறுநாள் சைக்கிளை வேண்டுமென்றே வேலியோரம் சாத்திவிட்டு, குளிக்கப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். கொஞ்சம் பொறுத்து, ஓசைப்படாமல் வீட்டைச் சுற்றி வந்தேன். மலரைக் கையும் களவுமாகப் பிடிக்கிற சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன்.

மலர் அங்கே இல்லை. குசினி என்கிற அடுப்படியிலிருந்து தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது. சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டையைப் போட்டு, அத்தனை பெரிய வயிற்றை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி என் தங்கை உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பெரிய ஊக்கு. டயரின் பக்கவாட்டில் அதை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய்" என்றேன்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உட்கார்ந்தபடியே ஊக்கை முந்தானைக்குள் மறைக்கப் போனாள். அன்றைக்கு அவள் சேலையே கட்டவில்லை, நைட்டிதான் போட்டிருந்தாள். மறைக்க இடமில்லாமல் கையை மூடிக்கொண்டாள்.

"எதுக்குடி?"

"பாதை போயிட்டா நீ இங்க தங்குவேன்னு" என்றாள். "ஒரு ராத்திரியாவது. மச்சாள் அதுக்குள்ள ஒட்டிடுறாங்க."

"வாயைத் தெறந்து தங்குன்னு சொன்னா என்ன?"

"முதல் நாளே சொன்னேனே. தூக்கம் வராதுன்னியே."

அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து நான் விட்ட இடத்தையே பிடித்தேன். "என்கூட வந்துடு கயலு. தினமும் உன் பக்கத்துலயே படுத்துக்கறேன். வீட்டுக்குப் போயிடலாம்."

"யார் வீட்டுக்குக்கா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். "அம்மா வீடு இப்ப அண்ணன் வீடு. அண்ணி மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால புள்ள பெத்துக்க முடியாது. உன் வீட்டுக்கா? அது மாமா வீடு. அந்த மெத்தையை வாங்கினதுக்கே உன் மாமியார் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். நீயே அங்க பாயிலதானே படுக்கற?"

மெத்தை விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்தேன். அண்ணன்தான் உளறியிருப்பான். வேப்பமரத்து நிழலில் அவள் கையைப் பிடித்தபடி நின்றேன். அவளுக்குத் தலை பின்னிய நாளிலிருந்து எனக்கென்று ஒரு வாசல்படி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவுடையது, பிறகு அண்ணனுடையது, பிறகு புருஷனுடையது. மலர்மேல் எனக்கு வந்ததெல்லாம் என்ன பொறாமை என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவளிடம் என் தங்கை இருந்தாள் என்பது பாதிதான். கொடுப்பதற்கு அவளிடம் ஒரு வீடு இருந்தது என்பது மீதி.

கயலை உள்ளே படுக்கவைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். மலர் தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள். "முதல் நாளே தெரியும். ஊசிக் குத்தும் முள்ளுக் குத்தும் தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அவவ ஏசுவீங்க. வயித்துப் புள்ளைக்காரி."

நான் அவளைச் சொன்ன சொல்லெல்லாம் ஞாபகம் வந்தது. உங்க வளவில்தான் முள்ளு இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். "என் பேச்சையும் வாங்கிக்கிட்டு எதுக்குத் தினமும் ஒட்டினீங்க?" என்று கேட்டேன். "ஒட்டாம விட்டிருந்தா அவ ஆசைப்படி நான் தங்கியிருப்பேனே."

மலர் பிழிந்த கையை உதறினாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க போகவேணும் எண்டுதான் ஒட்டினன்."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீங்க வாறதுக்கு முதல் அவ என்ன அக்கா எண்டுதான் கூப்பிடுவா. எனக்குக் கூடப் பொறந்தது தம்பி மட்டும்தான், அக்கா எண்டு ஒரு பொம்புளப் புள்ள கூப்பிட்டுக் கேட்டதில்ல. நீங்க வந்து இறங்கின நாள் தொட்டு மச்சாள் எண்டுறா. நீங்க இருக்கக்குள்ள அக்கா எண்டா உங்கட மனசு நோகுமாம். ராவைக்கும் மச்சாள்தான். நீங்க ஊட்டில தங்கிட்டீங்க எண்டா மறுகா எப்பவும் மச்சாள்தானே?" சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "எரிச்சலாத்தான் இருந்த. அதான் ஓடி ஓடி ஒட்டின."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். போனில் கேட்ட அந்த அக்காவை நான் போனபிறகு ஒருநாளும் கேட்கவே இல்லை. கேட்காததைக் கவனிக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? காது முழுக்கக் காற்று போகிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. மலருக்கும் வந்தது, ஆனால் அவள் காட்டிக்கொள்ளவில்லை. தேங்காய்ப்பாலைக் கறிச்சட்டியில் ஊற்றிவிட்டு, உள்ளே மேசையில் கிடந்த பம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கயல் குத்திய புது ஓட்டையை மத்தியானமே ஒட்டி, காற்றடித்து நிறுத்திவிட்டு வந்தாள். சொலூசன் டியூபை மூடி ஜன்னல் கட்டையில் வைத்தாள். பாதி கூட ஆகவில்லை, பருத்துக்கொண்டு இருந்தது.

சாயங்காலம் கிளம்புகிற நேரம் வந்தது. கயல் வாசலில் வந்து நின்றாள். மலர் குசினிப் படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் போனேன். பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. டீச்சருக்குப் போன் செய்தேன், இன்றைக்கு வரமாட்டேன் என்று. பிறகு குனிந்து, வால்வு மூடியைக் கழற்றி, திருகாணியைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று இறங்கியது. முழுக்க இறங்குகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"மச்சாள்" என்று கூப்பிட்டேன். அவளை நான் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "காத்துப் போயிட்டு."

மலர் சுளகோடு எழுந்து வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். என் கையிலிருந்த வால்வு மூடியைப் பார்த்தாள். ஜன்னல் கட்டையை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"சொலூசன் முடிஞ்சிட்டே, மச்சாள்" என்றாள். "விடிஞ்சாத்தான் கடை துறப்பான்." திரும்பிப்போய்ச் சுளகில் இன்னும் ஒரு சுண்டு அரிசியைப் போட்டாள்.

பிரசவம் அங்கேதான் என்று ஆயிற்று. விமானத்தில் ஏற்றுவார்களா மாட்டார்களா என்ற கணக்கை நான் அப்படியே விட்டுவிட்டேன். அன்று சாப்பாட்டுக்கு வாவி நண்டு. ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துக் கயல் தட்டில் நான் ஒரு பக்கம் வைத்தேன், மலர் ஒரு பக்கம் வைத்தாள். அவள் வைத்தது கொஞ்சம் கூட இருந்த மாதிரித் தெரிந்ததால் நான் இன்னொன்றை எடுத்து உடைத்தேன். கயல் போதும் போதும் என்று சிரித்தாள். கை கழுவிவிட்டுத் தன் வீட்டுக்குப் படுக்கப் போனாள். நாங்கள் இருவரும் குசினியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தோம்.

உள்ளேயிருந்து கயலின் குரல் கேட்டது. "அக்கா, கொஞ்சம் தண்ணி."

இரண்டு பேரும் எழுந்தோம். மலர் வேகமாகத்தான் நடந்தாள். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.